வலமாக மூன்று சுற்று

குரங்கணிக்கு வேலைக்குப் போன பதினைந்தாம் நாளே எனக்கு மலைக்காய்ச்சல் வந்துவிட்டது. போடியிலிருந்து கொய்னா மாத்திரை வாங்கிவரச் சொல்லி விழுங்கினேன். அடுத்த வீட்டு மதினி நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அதையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது மதினியின் வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கிரீஸ்.

"காய்ச்சல் விட்டுருச்சா ரைட்டரே?"

"விட்டுருச்சுண்ணே."

"எதுல விட்டுச்சு?"

எனக்குக் கேள்வி விளங்கவில்லை.

"கொய்னாவுலயா, கசாயத்துலயா?"

"ரெண்டுலயுந்தான்."

"ரெண்டுலயுமா? அப்ப அடுத்தவாட்டி காய்ச்சல் வந்தா எதைக் குடிப்பீக? படிச்ச ஆளு பண்ற சோலியா இது?"

உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காமல், வந்த வேகத்தில் திரும்பிப் போய்விட்டார். என்ன மனுசன் இவர் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சல் போவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன்பிறகு அவர்மேல் வந்த பிரியம் இன்றுவரை போகவில்லை.

குரங்கணி, போடியைத் தாண்டி மலை தொடங்குகிற இடம். உச்சியிலுள்ள தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கவும், கீழேயிருந்து அரிசி மூட்டைகளை ஏற்றவும் மலைச்சரிவு நெடுக இரும்புக் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. ஏலக்காய் மட்டும் அப்போதும் கழுதை முதுகில்தான் வந்தது. நான் அந்த ரோப் ஸ்டேஷனில் ரைட்டர். வந்த பெட்டிக்கும் போன மூட்டைக்கும் சீட்டு எழுத வேண்டும். வயது இருபத்து மூன்று. மதுரையில் மெட்ரிகுலேஷன் படித்தவன் என்ற பாரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் கயிற்றைத் தாங்கும் கம்பங்களில் ஏறிக் கப்பிகளுக்கு கிரீஸ் போடுகிறவர். கப்பிக்காரர் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் தெரியும். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அதை ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுப் படித்தேன். எந்தக் காகிதத்தில் படித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பெயர் என் வாயில் வருவதில்லை, எழுதவும் கை வரவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவரிடம் இருந்தது இந்த ஒரு கொள்கைதான். அதை வைத்துக்கொண்டு ஊரையே படுத்தினார்.

மூன்றாவது கம்பத்துக் கப்பி ஒரு தடவை கிறீச்சிட ஆரம்பித்தது. ஓவர்சியர், "அச்சை மாத்து, கிரீசை மாத்து, போல்ட்டை மாத்து, வெரசா முடி" என்றார். இவர் முதல் நாள் கிரீசை மட்டும் மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. பழைய கிரீசையே திரும்பப் போட்டுவிட்டு மறுநாள் போல்ட்டை மட்டும் மாற்றினார். மூன்றாம் நாள் அச்சு. சத்தம் நின்றது. ஓவர்சியர் கத்திய கத்தலில் மலையே எதிரொலித்தது. இவர் கீழே இறங்கி வந்து நிதானமாகக் கையைத் துடைத்தார். "இப்ப எனக்குத் தெரியுமுங்க, அச்சுதேன்னு. அடுத்த கப்பி கத்துனா மூணு நாளு ஆகாது, மூணு நாழி போதும்." அவர் சொன்னபடிதான் நடந்தது. இருந்தாலும் அந்த மூன்று நாள் சத்தத்தை என் காது இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டிலும் இதே கூத்துத்தான். ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். குழம்பை ஒரு வாய் வைத்ததும் அவர் நிமிர்ந்தார்.

"இன்னிக்கு நல்லாருக்கே. புளியக் குறைச்சியா, உப்பக் கூட்டுனியா?"

"ரெண்டுந்தேன்," என்றார் மதினி, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியபடி. வேண்டுமென்றே செய்திருக்கிறார்.

"அப்ப நான் எதை நல்லாருக்குன்னு சொல்ல?"

"குழம்பைச் சொல்லுங்க. ஆக்குனவளச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது மொத்தமாக நாலைந்து தடவைதான் இருக்கும், அதில் இது ஒன்று. மதினி சிலமலைக்காரி, வாய் கொஞ்சம் துடுக்கு. பக்கத்தில் அவர்களுடைய மகனும் உட்கார்ந்து சிரித்தான். ஒரே பிள்ளை. அப்பனோடு கயிற்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. போடி சந்தையில் ஆள் எடுக்க வந்தார்கள். துப்பாக்கி தூக்க இல்லை, கடல் தாண்டிப் போய் ரோடு போடவும் மூட்டை தூக்கவும். பசரா என்று ஊர் பெயர் சொன்னார்கள். பையனுக்கு ஆசை வந்துவிட்டது. அப்பனிடம் கேட்டான். அவர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு, கப்பியைப் பற்றி முடிவு சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"ஒரு வருசம் போயிப் பாரு. தோதுப்படலேன்னா திரும்பி வந்துரு. போயிப் பாத்தாத்தான தெரியும்?"

மதினி உள்ளே போய்விட்டார். அன்று நானும் அங்கே இருந்தேன். மாற்றிப் பார்த்து, சரியில்லையென்றால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். கிரீஸ் விஷயத்தில் அது சரி. பிள்ளை விஷயத்தில் அது சரியில்லை என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, படித்தவனுக்கு.

மாசி மாதம் பையன் போனான். அடுத்த வாரம் மதினி ஒரு கறவை மாடு வாங்கலாமா என்று கேட்டார். வீடு வெறிச்சென்று இருக்கிறது, கையில் ஒரு சோலியாவது இருக்கட்டும் என்றார். கப்பிக்காரர் வேண்டாமென்று தலையை ஆட்டினார்.

"வீட்டுல ஒண்ணு மாறியிருக்கு. அது திரும்பி வரட்டும். அதுக்கப்புறம் இன்னொண்ணை மாத்தலாம்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சட்டி பானைகூட இடம் மாறவில்லை. பையனுடைய துண்டு அவன் போட்ட ஆணியில் அப்படியே கிடந்தது.

வைகாசியில் அவனிடமிருந்து படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறான். நான்தான் படித்துக் காட்டினேன். 'அய்யாவுக்கு, நான் சௌக்கியம். இங்க ஆகாயத்துல கப்பல் போகுது. நம்ம கப்பி மாதிரி மூக்குல ஒண்ணு சுத்துது. அது எப்பிடி இழுக்குதுன்னு ஒங்களுக்குத்தான் வெளங்கும்.' அட்டையின் மறுபக்கத்தில் ஓர் ஆகாய விமானம்.

எப்படி இழுக்கிறது என்று பிள்ளை கேட்டுவிட்டான். இவர் விடுவாரா? மூங்கில் சிம்பு சீவி, பட்டக் காகிதம் ஒட்டி, ஒரு முழ நீளத்தில் விமானம் ஒன்றைக் கட்டிவிட்டார். சக்கரத்துக்கு நூல்கண்டுக் கட்டை. மூக்கிலிருந்து வால் வரைக்கும் ரப்பர் நாடா. தோட்டத்துத் துரை தூக்கிப்போட்ட சைக்கிள் டியூபை மெல்லிய கீற்றாகக் கீறி, விளக்கெண்ணெய் தடவி எடுத்தது அது. மூக்கில் விசிறிபோல் மாட்டிய காத்தாடியைப் பிடித்து இருநூறு முறுக்கு முறுக்கி விட்டால், ரப்பர் அவிழ்கிற வேகத்தில் காத்தாடி சுற்றும். காத்தாடி உரசாமல் சுற்ற இடையில் ஒரு பாசிமணி வேண்டியிருந்தது. மதினி தன் கழுத்துப் பாசியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். கேட்டதும் கொடுத்தாரா என்றால், இல்லை, இரண்டு நாள் கெஞ்சவிட்டுக் கொடுத்தார்.

அது காட்டுக்குள் பறந்து தொலைந்துவிடக் கூடாது என்பதற்காக நூல் கட்டினார். ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் களத்தில், முன்பு கழுதைகளைக் கட்டிவைத்த கல்தூண் ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. அதன் உச்சியில் சுழலுகிற வளையம். வளையத்திலிருந்து பன்னிரண்டடி நூல். நூலின் மறுமுனை விமானத்தின் உடம்பில். விட்டால் தூணைச் சுற்றி வரும். எந்தப் பக்கமாக என்ற கேள்வியே எழவில்லை. தூணோ கோயிலோ, சுற்றுவது என்றால் நம் வலது கைப்பக்கம் அது இருக்கும்படி வலமாகத்தான் சுற்றுவோம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆடிக் காற்று போடியில் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆடியும் ஆவணியும் அவர் விமானத்தை வெளியில் எடுக்கவில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து காத்தாடி செதுக்கி, அங்கேயே தரையில் ஓட்டிப் பார்த்தார். மேலே டீ பாக்டரியில் இலை வாட்டுவதற்கு இரும்பில் ஒரு பெரிய விசிறி இருந்தது. அதன் இதழ் எப்படித் திருகியிருக்கிறது என்று பார்த்து வந்து, அதே திருகலில் கட்டையில் இழைத்தார். முதல் காத்தாடி முருங்கைக் கட்டை. இரண்டாம் நாளே முறிந்தது. அடுத்தது கல்யாண முருங்கை. இறகு போல் இருந்தது, சளசளவென்று சுற்றித் தீர்ந்துபோயிற்று, விமானம் நகரவில்லை. தேக்கில் செய்தது மூக்கைத் தரையில் குத்தியது. பிறகு ராசிங்காபுரத்து ஆசாரி ஒருவரிடமிருந்து குமிழ்க் கட்டை வாங்கிவந்தார். அது தோதாக இருந்தது. கட்டை முடிவானதும் நீளம். நீளம் முடிவானதும் அகலம். பிறகு சாய்வு. எழுத்துத் தெரியாத மனிதர். எத்தனையாவது காத்தாடியோ, அதன் நடுவில் அத்தனை வெட்டு வெட்டி, கூரைக்கு அடியில் வரிசையாகத் தொங்கவிட்டார். என்னைப் போன்ற ஆளாக இருந்தால் நீளத்தையும் அகலத்தையும் சேர்த்து மாற்றி, மூன்று நாளில் முடித்து, ஒன்றும் தெரியாமல் போயிருப்பேன்.

காற்று அடங்கி, புரட்டாசியில் ஓட்டிப் பார்த்தோம். விமானம் தரையை விட்டு எழுந்தது! எழுந்து முக்கால் சுற்று வந்தது. நான் கை தட்டினேன். அதற்குள் அது தூண் பக்கமாகச் சாய்ந்தது, நூல் தொய்ந்தது, உள்ளே விழுந்தது.

அன்றிலிருந்து அதுதான் கதை. நீளமான காத்தாடி போட்டால் நன்றாக இழுக்கும், ஆனால் உள்பக்கம் சாய்ந்து விழும். குட்டையான காத்தாடி போட்டால் சாய்வது குறையும், ஆனால் இழுக்கத் தெம்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ சரியான காத்தாடி இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு விரற்கடையாகத் தேடினார். எட்டு வெட்டுப் போட்ட காத்தாடிதான் எல்லாவற்றிலும் நல்லது. ஒரு சாணும் இரண்டு விரலும். அது ஒன்றேமுக்கால் சுற்று வந்தது. வந்து, எல்லாவற்றையும் போல உள்ளே சாய்ந்து விழுந்தது.

இதற்கிடையில் பையனின் கடிதம் நின்றுபோயிருந்தது. ஆவணியில் வந்ததுதான் கடைசி. ஐப்பசி முழுக்கத் தபால்காரன் வரும்போதெல்லாம் மதினி வாசலுக்கு வந்து நின்றார். கப்பிக்காரர் கம்பத்தின் மேலேயிருந்து என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று கையை விரிப்பேன். கார்த்திகையில் ஒரு நாள் காலை களத்துக்குப் போனால் கல்தூணுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது.

"என்னண்ணே இது?"

அவர் கொஞ்ச நேரம் நூலைச் சரிசெய்துகொண்டே இருந்தார். சாமி கும்பிடுகிற ஆள் இல்லை அவர். அதனால் சொல்ல வெட்கப்பட்டார்.

"வலமா மூணு சுத்து. கீழ விழாம மூணு சுத்து சுத்திருச்சுன்னா பய வந்துருவான். அப்பிடி மனசுல நெனச்சுக்கிட்டேன் ரைட்டரே. நெனச்சப்பறம் மாத்தக் கூடாதுல்ல?"

அதுவரை விளையாட்டாக இருந்தது அன்றோடு விளையாட்டாக இல்லாமல் போயிற்று. தினம் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு ஓட்டம். ஒன்பதாம் காத்தாடி, பத்தாம் காத்தாடி, பதினொன்று. விழ விழ அவர் முகம் ஒடுங்கிக்கொண்டு வந்தது. மதினி களத்துப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து காது கொடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். காத்தாடியின் சத்தம் நிற்கும்போது உள்ளே பாத்திரம் ஒன்று ணங்கென்று வைக்கப்படும்.

எனக்குப் பொறுக்கவில்லை. மார்கழியில் ஒரு நாள் சொல்லியே விட்டேன்.

"அண்ணே, எல்லாத்தையும் மாத்திப் பாத்தாச்சு. ஒரு தடவை இடமா விட்டுப் பாப்போமா? அதுவும் ஒரு மாத்தந்தானே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"இடமா எப்பச் சுத்துவாகன்னு ஒங்களுக்குத் தெரியாதா ரைட்டரே?"

தெரியும். சுடுகாட்டில்தான். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு இடமாக மூன்று சுற்று சுற்றி, குடத்தைப் பின்னால் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மெட்ரிகுலேஷன் ஆயிற்றே!

பொங்கல் கழிந்த வாரம். அவர் மேல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார், சாயங்காலம்தான் வருவார். நான் விமானத்தை எடுத்தேன். எட்டாம் காத்தாடியை மாட்டினேன். இருநூறு முறுக்கு. விமானத்தின் மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பி, நூலை அதன் மறுபக்கத்தில் கட்டி, இடமாக விட்டேன்.

அது பறந்த அழகை எப்படிச் சொல்வது! நூல் வீணைத் தந்தி போல் விறைத்து நின்றது. ஒரு சுற்று. இரண்டு. மூன்று. நான்கு. ரப்பர் தீர்ந்த பிறகு பூப்போல் தரையில் இறங்கி ஓடி நின்றது. நான் வாய்விட்டுக் கத்தினேன். கத்திக்கொண்டே திரும்பினால், இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மதினி நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, இதை எதுக்குப் பண்ணுனீக?"

நான் குனிந்து நூலின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன்.

"எத்தனை சுத்து?"

"நாலு, மதினி."

குடத்தை இறக்கி வைத்தார். விமானத்தைக் கையில் எடுத்தார். பச்சைப் பிள்ளையை ஏந்துவதைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தூணை வலமாகச் சுற்றி நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் சுற்றியதை எல்லாம் அவிழ்க்கிறார். முடித்துவிட்டு விமானத்தை என்னிடம் நீட்டினார்.

"அவுககிட்டச் சொல்லிராதீக. சொன்னா இதைத் தொடவே மாட்டாக. காலையில எந்திரிக்க அவுகளுக்கு இது ஒண்ணுதேன் இருக்கு."

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து கிடைத்த தூக்கம் தூக்கமில்லை. நம்பிக்கை கிடையாது என்றவன், தபால் பையை அவிழ்க்கும்போதெல்லாம் முதலில் சர்க்கார் உறை இருக்கிறதா என்று தேடினேன்.

வெகுகாலம் கழித்து, எனக்குத் தலை நரைத்த பிறகு, மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்தில் ஓர் இளைஞர் குட்டி இன்ஜின் வைத்த விமானத்தைக் கம்பியில் கட்டி, நடுவில் நின்றுகொண்டு தன்னைச் சுற்றி ஓடவிடுவதைப் பார்த்தேன். பெட்டி நிறைய அளவு அளவாகக் காத்தாடிகள் வைத்திருந்தார். போய்க் கேட்டேன்: வலமாக விட்டால் உள்ளே சாய்ந்து விழுகிறது, இடமாக விட்டால் விழவில்லை, ஏன்? அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. காத்தாடி ஒரு பக்கம் சுற்றும்போது விமானத்தின் உடம்பு மறுபக்கம் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு உள்பக்கம் விழுந்தால் நூல் தொய்யும், வெளிப்பக்கம் விழுந்தால் நூல் விறைக்கும். "வலமாத்தான் போகணும்னா காத்தாடியோட திருகலை எதிர்ப்பக்கமாச் செதுக்கணும் சார். வேற ஒண்ணுமே மாத்த வேண்டாம். அரை மணி நேர வேலை" என்றார். நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார் அந்தப் பிள்ளை. பதினொரு காத்தாடியிலும் திருகல் மட்டும் ஒன்றேதான். டீ பாக்டரி விசிறியில் எப்படி இருந்ததோ அப்படி. கட்டை, நீளம், அகலம், சாய்வு என்று ஒவ்வொன்றாக மாற்றினாரே, திருகலும் மாற்றக்கூடிய ஒன்று என்று அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

நான் இடமாகச் சுற்றவிட்ட அதே வருசம் பங்குனியில் அந்தக் கடிதம் வந்தது. சர்க்கார் உறை. இங்கிலீஷில் நாலே வரி. அவர் இரண்டாம் கம்பத்தின் மேல் இருந்தார். நான் கம்பத்தின் அடியில் போய் நின்றேன். வழக்கம்போல மேலேயிருந்து என் முகத்தைப் பார்த்தார். நான் கையை விரிக்கவில்லை. அவர் கிரீஸ் டப்பாவை மூடி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார்.

"படிங்க."

முதல் வரியில் பையனின் பெயர். அடுத்து, இன்னாருடைய மகன் என்று அவருடைய பெயர். அதை வாய்விட்டுப் படித்தேன். மீதியைத் தமிழில் சொன்னேன்.

அவர் இடுப்புத் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே கேட்டார்:

"குண்டா, காய்ச்சலா?"

"காய்ச்சல்னு போட்டிருக்குண்ணே."

"என்ன மருந்து குடுத்தாகளாம்?"

"அது போடலண்ணே."

"போடலையா," என்றார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார்.

கடிதத்தில் இறந்த தேதி இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் முதலில் செய்த காரியம் பஞ்சாங்கத்தைப் புரட்டியதுதான். கார்த்திகை மாதம். அவர் கல்தூணுக்கு மஞ்சள் பூசியதற்கு முந்திய வாரம். நான் இடமாகச் சுற்றவிட்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து. என்மேல் குற்றமில்லை. அந்த நினைப்பில் எனக்கு மூச்சு வந்தது, உண்மை. மூச்சு வந்த மறுநொடியே மற்றது உறைத்தது. அவர் நேர்ந்துகொண்ட அன்றே பிள்ளை இல்லை. மூன்று மாதத்துக்கு மேலாகத் தினம் காலையில் அந்த மனிதர் யாருக்காக வலம் சுற்றினார்?

அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து மதினி எழுந்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்குமுன் சொன்னேன்.

"முந்தியே மதினி. நான் சுத்துனதுக்கு முந்தியே. அவுக வேண்டிக்கிட்டதுக்கும் முந்தியே."

வாயில் சேலையை வைத்து அழுத்திக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"அதான் தம்பி, வலமாச் சுத்த மாட்டேன்னுருக்கு. அதுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தேன் தெரியல."

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தக் கல்லூரிப் பிள்ளை சொன்ன விளக்கம் சரியானது. ஆனாலும் எனக்கு நினைவு வரும்போதெல்லாம் மதினி சொன்னதுதான் முதலில் வருகிறது.

மூன்றாம் நாள் காலை. சிலமலையிலிருந்து வந்த உறவுக்காரர்கள் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எரிக்க உடம்பு இல்லாத சாவு. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று ஆளுக்கு ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்பிக்காரர் ஆற்றில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தார். நேராக வீட்டுக்குள் போனார். வெளியே வரும்போது கையில் விமானம் இருந்தது. மூக்கில் எட்டாம் காத்தாடி.

"மச்சான், எளவு வீட்டுல என்ன இது?" என்று மதினியின் அண்ணன் எழுந்தார். மதினி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கப்பிக்காரர் ரப்பரை முறுக்கினார். இருநூறு. உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பிறகு நூலை அவிழ்த்து விமானத்தின் மறுபக்கத்தில் கட்டினார். மூக்கை எதிர்ப்பக்கம் திருப்பினார். அது பறக்கும் என்று அந்தக் களத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். நானும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. விழுந்துவிட வேண்டும், இன்றைக்கு ஒரு நாள் விழுந்துவிட வேண்டும் என்று நான் வேண்டினேன். யாரை வேண்டினேன் என்று கேட்காதீர்கள்.

விட்டார். நூல் விறைத்தது. விமானம் எழுந்தது.

அவர் குனிந்து நூலுக்கு அடியில் நடந்து தூணருகே போய் நின்றுகொண்டார். விமானம் அவரைச் சுற்றி இடமாக வந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. கொஞ்சமும் சாயவில்லை, தொய்யவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே திரும்பித் திரும்பி நின்றார். அதிசயப்பட்டது போலத்தான் முகம் இருந்தது, ஒரு கணம். மூன்றாம் சுற்று முடியும்போது மடியிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, தலைக்கு மேல் போன நூலில் வைத்தார்.

நூல் அறுந்த விமானம் களத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, ஏலக்காட்டுச் சரிவைப் பார்த்துப் போயிற்று. நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். அவர் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நடந்தார், திரும்பவில்லை. என்னைக் கடக்கும்போது மட்டும் நின்றார்.

"ஒண்ணை மட்டுந்தேன் மாத்துனேன் ரைட்டரே," என்றார்.